தொலைத்தொடர்பா, செயற்கை நுண்ணறிவா: பேராசிரியர் பால்ராஜ் நடந்த வழி

மின்னணுவியல் மற்றும் தொடர்பியல் பொறியியல் இறுதியாண்டு மாணவர் ஒருவர் கேட்டிருக்கிறார்: "ஆசிரியராகவும் ஆய்வாளராகவும் வர வேண்டும் என்று ஆசை. தொலைத்தொடர்பில் முனைவர் பட்டம் செய்தால் எதிர்காலம் இல்லை, செயற்கை நுண்ணறிவுக்கு மாறிவிடு என்று எல்லோரும் சொல்கிறார்கள். இரண்டையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டு ஒரு பேராசிரியர் வாழ்க்கை அமையுமா? அப்படி யாராவது வாழ்ந்திருக்கிறார்களா?"

முப்பது ஆண்டுகளுக்கு மேலாகத் தொடர்பியல் பாடம் நடத்தி வருகிறேன். ஆண்டுதோறும் யாராவது ஒருவர் இந்தக் கேள்வியோடு என் அறைக்கு வருவார். அவர்களுக்கு நான் சொல்வது ஒரு மனிதரின் கதையைத்தான். அதையே உங்களுக்கும் சொல்கிறேன்.

பேராசிரியர் ஆரோக்கியசாமி பால்ராஜ் 1944இல் பொள்ளாச்சியில் பிறந்தவர். உங்கள் கையில் இருக்கும் செல்பேசி, வீட்டுச் சுவரில் மாட்டியிருக்கும் வைஃபை பெட்டி, தெருமுனை 5ஜி கோபுரம் மூன்றிலும் அவருடைய ஒரு கருத்து வேலை செய்துகொண்டிருக்கிறது. அந்தக் கருத்தின் பெயர் மைமோ. பல ஆன்டெனாக்களால் அனுப்பி, பல ஆன்டெனாக்களால் பெற்று, ஒரே அலைக்கற்றையில் ஒரே நேரத்தில் பல தரவு ஓடைகளை ஓடவிடும் முறை அது. இந்தியாவில் செயற்கை நுண்ணறிவுக்கென்று பாதுகாப்பு ஆராய்ச்சி அமைப்பு தொடங்கிய ஆய்வகத்தின் முதல் இயக்குநரும் இவர்தான். நீங்கள் கேட்ட இரண்டு துறைகளும் ஒரே ஆளின் வாழ்க்கையில் சந்தித்திருக்கின்றன.

ஆனால் அவர் இரண்டு துறைகளைத் தேர்ந்தெடுத்து ஒட்டவைக்கவில்லை. ஒரே ஒரு கேள்வியை நாற்பது ஆண்டுகள் சுமந்துகொண்டு திரிந்தார். பல காதுகளை வரிசையாக வைத்தால், ஒற்றைக் காதுக்குக் கேட்காத எதையெல்லாம் கேட்க முடியும்? கடலுக்கு அடியில் தொடங்கிய அந்தக் கேள்வி, கலிபோர்னியாவில் வந்து வானலையாக மாறியது.

ஏற்காடு மான்ட்ஃபோர்ட் பள்ளியில் படித்தவர், பதினைந்து வயதில் தேசியப் பாதுகாப்புப் பயிற்சிக்கழகம் வழியாகக் கடற்படைக்குப் போய்விட்டார். பேராசிரியர் ஆக வேண்டும் என்ற திட்டமெல்லாம் அப்போது இருந்திருக்க முடியாது. கடற்படை அவரை எம்.டெக் படிக்கத் தில்லி ஐஐடிக்கு அனுப்பியது. அங்கே பேராசிரியர் பி.வி. இந்திரேசன் இந்த இளம் அதிகாரியின் கணிதத் திறனைக் கண்டு முனைவர் பட்ட ஆய்வுக்குத் திருப்பிவிட்டார். இந்திரேசன் பின்னாளில் சென்னை ஐஐடியின் இயக்குநராக இருந்தவர். இரைச்சலில் புதைந்து கிடக்கும் சிக்னலை எப்படி மீட்டெடுப்பது என்ற மதிப்பீட்டியல்தான் ஆய்வுப் பொருள். 1973இல் முனைவர் பட்டம் பெற்றார். ஒரு நல்ல ஆசிரியரின் கண்ணில் படுவது எவ்வளவு பெரிய விஷயம் என்பதற்கு இதைவிட எடுத்துக்காட்டு எனக்குத் தேவைப்பட்டதில்லை.

இதற்கு நடுவே 1971 போர் வந்தது. அந்த ஆண்டு டிசம்பர் 9 இரவு, டையூ கடற்கரைக்கு அப்பால், ஐஎன்எஸ் குக்ரி என்ற போர்க்கப்பலைப் பாகிஸ்தானின் ஹாங்கோர் நீர்மூழ்கிக் கப்பல் மூழ்கடித்தது. 18 அதிகாரிகளும் 176 மாலுமிகளும் இறந்தார்கள். எதிரி நீர்மூழ்கி அருகில் இருக்கிறது என்பதை உரிய நேரத்தில் கேட்க முடியாமல் போனதன் விலை அது. அதன் பிறகு கடற்படை தன்னிடமிருந்த பழைய பிரிட்டிஷ் சோனாரை, அதாவது ஒலியைக் கொண்டு நீருக்கடியில் இருப்பதைக் கண்டறியும் கருவியை, மேம்படுத்தும் வேலையைப் பால்ராஜிடம் கொடுத்தது. தேர்வுத் தாளில் இருந்த கணக்கு, 194 உயிர்களின் கணக்காக மாறிய இடம் இது. இந்தப் பகுதியை வகுப்பில் சொல்லும்போது நான் ஒரு நிமிடம் நிறுத்திக்கொள்வது வழக்கம்.

சோனார் எப்படிக் கேட்கிறது என்று கொஞ்சம் நெருங்கிப் பார்ப்போம். மேலே நான் சொன்ன ‘பல காதுகள்’ இங்கேதான் இருக்கின்றன. கடல்நீரில் ஒலி நொடிக்குச் சுமார் 1500 மீட்டர் போகும். காற்றில் போவதைவிட நான்கு மடங்குக்கும் மேல். கப்பலின் அடியில் ஒலிவாங்கிகளை வரிசையாகப் பதித்திருக்கிறார்கள். இரண்டுக்கு நடுவே அரை மீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒலி நேர் எதிரிலிருந்து வந்தால் எல்லா ஒலிவாங்கிகளையும் ஒரே கணத்தில் தொடும். வரிசையின் ஒரு முனைப் பக்கத்திலிருந்து வந்தால், ஒன்றைத் தொட்டு அடுத்ததைத் தொட ஒரு மில்லிநொடியில் மூன்றில் ஒரு பங்கு நேரம் ஆகும். அந்தத் தாமதத்தைக் கணக்கிட்டுச் சரிசெய்து எல்லாவற்றையும் கூட்டினால், அந்தத் திசையின் ஒலி மட்டும் ஒன்றுசேர்ந்து உயரும். மற்றத் திசைகளின் இரைச்சல் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு தாழும். தாமதங்களை மாற்றினால், கப்பலைத் திருப்பாமலேயே காதைத் திருப்பலாம். ஒரே நேரத்தில் பல விதமாகக் கூட்டினால் எல்லாத் திசைகளையும் சேர்த்தே கேட்கலாம்.

நம் கடல்களில் இதற்கு ஒரு கூடுதல் தொல்லை உண்டு. பகல் வெயிலில் மேல்பரப்பு நீர் சூடாகிவிடும், கீழே போகப் போகக் குளிரும். குளிர்ந்த நீரில் ஒலியின் வேகம் குறைவு. ஒலி எப்போதும் வேகம் குறைந்த பக்கமாக வளையும் என்பதால் கப்பல் அனுப்பிய ஒலி கீழ்நோக்கி வளைந்துபோகிறது. சற்றுத் தூரத்தில் ஓர் ஒலி நிழல் உண்டாகிறது. நீர்மூழ்கி அந்த நிழலில் ஒதுங்கி நின்றுகொள்ளும். பாடநூலில் ஒரு வரியாக இருக்கும் இரைச்சல், கடலில் இத்தனை முகங்களோடு வருகிறது.

இங்கிலாந்தின் லஃப்பரோ பல்கலைக்கழகத்தில் சில காலம் ஆய்வு செய்துவிட்டுத் திரும்பிய பால்ராஜ், கொச்சியிலுள்ள கடற்படை ஆய்வகத்தில் அப்சோ என்ற சோனார் திட்டத்துக்குத் தலைமை ஏற்றார். 1983இல் அது கப்பலில் ஏறியது. முழுக்க இந்தியாவில் வடிவமைத்த பெரிய சோனார். உதிரிபாகங்களும் கணினிகளும் எளிதில் கிடைக்காத காலத்தில் இதை முடித்தார்கள் என்பதை இன்றைய மாணவர்கள் நினைத்துப் பார்க்க வேண்டும்.

அந்த வேலை முடிந்ததும் விடுப்பில் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகம் போனார். அங்கே தாமஸ் கைலாத் இருந்தார். புனேயில் படித்து வளர்ந்து, மின்பொறியியலின் கணித அடித்தளத்தையே மாற்றி எழுதியவர்களில் ஒருவர். அவருடைய குழுவில் பால்ராஜும் ராய் என்ற ஆய்வு மாணவரும் கைலாத்தும் சேர்ந்து எஸ்பிரிட் என்ற வழிமுறையைக் கொண்டுவந்தார்கள். ஒரே மாதிரியான இரண்டு ஆன்டெனா வரிசைகளைச் சிறிதளவு தள்ளித்தள்ளி வைத்தால், ஒன்று கேட்பதற்கும் மற்றது கேட்பதற்கும் உள்ள வேறுபாட்டிலிருந்தே சிக்னல் வரும் திசைகளைக் கணக்கிட்டுவிடலாம், எல்லாத் திசையையும் துழாவித் தேட வேண்டாம் என்பது அதன் சாரம். சிக்னல் செயலாக்கம் படிக்கும் எவரும் இன்றுவரை இதைத் தாண்டாமல் போக முடியாது. கொச்சிக் கப்பலில் கேட்ட அதே கேள்விதான் இது. ஊர் மாறியிருக்கிறது, அவ்வளவே.

1986இல் இந்தியா திரும்பினார். பெங்களூரில் செயற்கை நுண்ணறிவு மற்றும் ரோபாட்டிக்ஸ் மையம் தொடங்கியபோது அதன் முதல் இயக்குநர் ஆனார். இணைக்கணினிகள் கட்டிய சி-டாக், பாரத் எலெக்ட்ரானிக்ஸின் மைய ஆராய்ச்சிக்கூடம் ஆகியவற்றின் தொடக்கத்திலும் அவர் பங்கு இருக்கிறது. சோனார் கட்டிய ஒருவரிடம் ஏன் செயற்கை நுண்ணறிவு ஆய்வகத்தை ஒப்படைத்தார்கள் என்று கேட்கலாம். காரணம் எனக்குத் தெளிவாகத் தெரிகிறது. இரைச்சலான அளவீடுகளிலிருந்து உலகின் நிலையை ஊகிப்பது, அதை வைத்து முடிவெடுப்பது, இந்த இரண்டும்தான் சோனாரின் வேலை. ரோபாட்டின் வேலையும் அதுவே.

அடுத்து நடந்ததுதான் இந்த வாழ்க்கையில் என்னை மிகவும் அசைப்பது. 1991இல் கடற்படையிலிருந்து கமோடோர் என்ற உயர்நிலையில் ஓய்வுபெற்றார். வயது 47. மூன்று தேசிய ஆய்வகங்களை உருவாக்கிய மனிதர், ஸ்டான்ஃபோர்டில் ஆராய்ச்சி இணையாளர் என்ற நிலையில் போய்ச் சேர்ந்தார். நம் ஊரில் அந்த வயதில் மனிதர்கள் ஓய்வூதியக் கணக்குப் போடத் தொடங்குவார்கள். அவர் அடியிலிருந்து தொடங்கினார். மைமோ பிறந்தது அதற்குப் பிறகுதான். முப்பது வயதுக்குள் எல்லாம் முடிந்துவிட வேண்டும் என்று பதறும் மாணவர்களுக்கு இந்த ஒரு வரியைச் சொல்லிவிட்டு நான் பேசாமல் இருந்துவிடுவேன்.

அங்கே அவர் கையில் எடுத்தது, பறக்கும் விமானத்திலிருந்து தரையில் இருக்கும் வானொலிகளை ஒட்டுக்கேட்கும் ஒரு பணி. ஒரே அலைவரிசையில் பேசும் இரண்டு பேரின் சிக்னலைப் பிரித்தெடுக்க வேண்டும். இருவரும் ஒருவருக்கொருவர் மிக அருகில் இருந்தால் பிரிக்க முடியாது என்பதுதான் அன்றைய நம்பிக்கை. ஆனால் அலைகள் சுற்றிலும் இருக்கும் பொருள்களில் பட்டுச் சிதறி வரும்போது பிரிப்பது எளிதாகிறது என்று அவர் கவனித்தார். அதுவரை எல்லோரும் தொல்லை என்று ஒதுக்கிய சிதறல், உதவிக்கு வந்தது. அப்படியானால் வேண்டுமென்றே ஒரே ஆள் இரண்டு ஆன்டெனாவிலிருந்து இரண்டு வெவ்வேறு செய்திகளை அனுப்பினால் என்ன?

இதை வகுப்பில் எட்டாம் வகுப்புக் கணக்காகவே போட்டுக் காட்டுவேன். அ, ஆ என்று இரண்டு எண்களை ஒரே நேரத்தில் அனுப்புகிறோம். உண்மையில் அ = 1, ஆ = 2. பெறும் பக்கத்தில் இரண்டு ஆன்டெனா. சுவர்களிலும் மரங்களிலும் பட்டுச் சிதறி வந்ததால் இரண்டும் வெவ்வேறு கலவையைக் கேட்கின்றன. முதலாவது கேட்பது 3அ + ஆ = 5. இரண்டாவது கேட்பது அ + 2ஆ = 5. இரண்டு சமன்பாடு, இரண்டு தெரியாத எண்கள். தீர்த்துவிடலாம். கொஞ்சம் இரைச்சல் கலந்து இரண்டாவது 5.1 என்று கேட்டுவிட்டால்? அப்போதும் ஆ 2.06 என்று வரும். 2 என்று சரியாகவே படித்துவிடுவோம்.

இப்போது சிதறலே இல்லாத வெட்டவெளியை நினைத்துக்கொள்ளுங்கள். இரண்டு ஆன்டெனாவும் ஏறக்குறைய ஒரே கலவையைக் கேட்கும். முதலாவது 3அ + ஆ = 5. இரண்டாவது 3அ + 1.1ஆ = 5.2. அதே 0.1 இரைச்சல் சேர்ந்து 5.2 என்பது 5.3 ஆகிவிட்டால், ஆ என்பதன் மதிப்பு 3 என்று வந்து நிற்கும். 2 அனுப்பினோம், 3 கேட்டோம். செய்தி பாழ். கரும்பலகையில் இதைப் போட்டு முடிக்கும்போது, கட்டடங்கள் நிறைந்த நகரம் ஏன் மைமோவுக்கு நல்ல இடம் என்று மாணவர்களே சொல்லிவிடுவார்கள். அந்த நேரத்தில் அவர்கள் முகத்தைப் பார்ப்பதற்காகவே நான் இந்தப் பாடத்தை யாருக்கும் விட்டுக்கொடுத்ததில்லை.

1992இல் பால்ராஜும் கைலாத்தும் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார்கள். 1994இல் கிடைத்தது. துறையில் பெரும்பாலோர் தொடக்கத்தில் நம்பவில்லை. பிறகு பெல் ஆய்வகத்தில் டெலாடார் 1995இல் கணிதமாக நிறுவினார்: இரு பக்கமும் உள்ள ஆன்டெனாக்களில் எது குறைவோ அந்த எண்ணிக்கைக்கு ஏற்பக் கொள்ளளவு, அதாவது அனுப்பக்கூடிய தரவின் அளவு, பெருகும். அதே ஆய்வகத்தில் ஃபோஷினி 1996இல் வெளியிட்ட அமைப்பும் வழிகாட்டியது. பால்ராஜ் கட்டுரையோடு நிற்கவில்லை. 1998இல் ஐயோஸ்பான் என்ற நிறுவனத்தைத் தொடங்கி இது உண்மையான செல்பேசி அமைப்பிலேயே ஓடும் என்று காட்டினார். அந்தத் தொழில்நுட்பத்தை இன்டெல் வாங்கியது. பிறகு பீசீம் என்ற சில்லு நிறுவனம். அதை 2010இல் பிராட்காம் வாங்கியது. 2009இல் வந்த வைஃபை தரத்தில் மைமோ நுழைந்தது. 4ஜி முழுக்க அதன் மேல் நின்றது. பத்ம பூஷண் 2010இல், மின், மின்னணுப் பொறியாளர்களின் உலகச் சங்கமான ஐஇஇஇயின் கிரகாம் பெல் பதக்கம் 2011இல், மார்க்கோனி பரிசு 2014இல். இந்தியாவில் 5ஜியை எப்படிக் கொண்டுவருவது என்று அரசு அமைத்த குழுவுக்கும் அவரே தலைவராக இருந்தார். அறிக்கை 2018 ஆகஸ்டில் வந்தது.

இனி உங்கள் கேள்வியின் மற்றொரு பாதிக்கு வருகிறேன். தொலைத்தொடர்பும் செயற்கை நுண்ணறிவும் இன்றைக்குத்தான் புதிதாகச் சந்திக்கின்றன என்று பலர் நினைக்கிறார்கள். அது சரியில்லை. இரண்டும் ஒரே வீட்டில் பிறந்த பிள்ளைகள். 1948இல் தொலைத்தொடர்பின் அடித்தளமான தகவல் கோட்பாட்டை எழுதிய கிளாட் ஷானன்தான், கணினியைச் சதுரங்கம் ஆடவைப்பது பற்றி 1950இல் எழுதினார். வழி கண்டுபிடித்து நினைவில் வைத்துக்கொள்ளும் ஓர் இயந்திர எலியையும் செய்து காட்டினார். செயற்கை நுண்ணறிவு என்ற பெயரோடு 1956இல் டார்ட்மவுத்தில் கூடிய கூட்டத்துக்கான முன்மொழிவில் கையெழுத்திட்ட நால்வரில் அவரும் ஒருவர்.

இதைவிட எனக்கு நெருக்கமானது இன்னொரு கதை. 1959இல் ஸ்டான்ஃபோர்டில் பெர்னார்டு விட்ரோ, டெட் ஹாஃப் என்ற மாணவரோடு சேர்ந்து எல்எம்எஸ் என்ற வழிமுறையைக் கண்டுபிடித்தார். வடிவங்களைக் கற்றுக்கொள்ளும் ஒற்றைச் செயற்கை நரம்பணுவுக்காக உருவாக்கியது அது. வெளியீட்டில் எவ்வளவு பிழை வந்ததோ அதற்கேற்ப எடைகளைச் சிறிது சிறிதாகத் திருத்திக்கொண்டே போக வேண்டும். அவ்வளவுதான் வழிமுறை. நரம்பணு அன்று பெரிய அளவில் பயன்படாமல் நின்றது. ஆனால் எல்எம்எஸ் தொலைபேசிப் பாதையின் எதிரொலியை நீக்கப் போனது, மோடத்துக்குள் போனது, 1967இல் ஆன்டெனா வரிசைகளுக்குள் போனது. இன்று பல செயற்கை நரம்பணுக்களை அடுக்கடுக்காக இணைத்த ஆழ் நரம்பு வலையைப் பயிற்றும்போது நடப்பதும் அந்தத் திருத்தத்தின் விரிவுதான். ‘மாறிவிடு’ என்று உங்களிடம் சொல்கிறவர்களுக்கு இது தெரிந்திருந்தால் அப்படிச் சொல்லமாட்டார்கள். எதிர்த்திசையிலும் பயணம் உண்டு. 1967இல் விட்டர்பி, இரைச்சல் வழியே வரும் குறியீடுகளைப் படிக்க ஒரு வழிமுறை தந்தார். பின்னர் பேச்சை எழுத்தாக்கும் கணினிகளின் மையமாக அது பல ஆண்டுகள் இருந்தது. கிண்டி பொறியியல் கல்லூரியில் படித்து 1994இல் கணினித் துறையின் உயரிய விருதான டியூரிங் விருது பெற்ற ராஜ் ரெட்டியின் துறை அது.

இன்று இந்தச் சந்திப்பு எங்கே நடக்கிறது? ஒன்றை மட்டும் விளக்குகிறேன். 64 ஆன்டெனா கொண்ட 5ஜி நிலையம், உங்கள் செல்பேசியை நோக்கிச் சரியாக அலையைக் குவிக்க வேண்டுமானால், வழியில் அலைக்கு என்ன நேர்கிறது என்பது அதற்குத் தெரிய வேண்டும். நான் மேலே போட்ட 3, 1, 1, 2 என்ற எண்கள்தாம் அவை. ஆனால் இங்கே 64 ஆன்டெனா, அலைவரிசையில் நூற்றுக்கணக்கான துண்டுகள். பல இடங்களில் செல்பேசிதான் அவற்றை அளந்து திருப்பி அனுப்ப வேண்டும். முழுதாக அனுப்பினால் அலைக்கற்றை அதற்கே செலவாகிவிடும். 2018இல் சீன, தைவான் ஆய்வாளர்கள் இந்த எண்களின் அட்டவணையை ஒரு படமாகப் பாவித்து, நரம்பு வலையால் சுருக்கி அனுப்பி மறுமுனையில் விரித்துக் காட்டினார்கள். செல்பேசித் தரங்களை வகுக்கும் 3ஜிபிபி, தன் 18ஆம் வெளியீட்டில் இதை முறையாக ஆராய எடுத்துக்கொண்டது. குவித்த அலையை எந்தத் திசையில் திருப்புவது, செல்பேசி எங்கே இருக்கிறது என்று கண்டுபிடிப்பது என்ற இரண்டையும் சேர்த்து எடுத்தது.

இங்கே ஓர் எச்சரிக்கை. பரவலாகப் பயன்படும் 5ஜி அமைப்பில் ஒரு காலத்துண்டு என்பது அரை மில்லிநொடி. அதற்குள் பதில் வர வேண்டும், அதுவும் செல்பேசி மின்கலத்தைத் தின்றுவிடாமல். ஓர் ஊரின் கட்டடங்களுக்கு நடுவே கற்றுக்கொண்ட வலை, வேறோர் ஊரில் தடுமாறும். நரம்பு வலை எல்லாவற்றையும் வென்றுவிடும் என்று காட்டும் கட்டுரைகளில் பாதிக்கு மேல் இந்த இரண்டு கேள்விகளைத் தொடுவதே இல்லை. ஒருமுறை என்னிடம் மதிப்பீட்டுக்கு வந்த ஆய்வேட்டில், நரம்பு வலை பழைய முறையைவிடப் பல மடங்கு சிறப்பாக இருப்பதாகப் படம் போட்டிருந்தார்கள். எனக்கு நெருடியது. நிரலைக் கேட்டு வாங்கிப் பார்த்தேன். பழைய முறைக்குக் கொடுக்க வேண்டிய இரைச்சலின் அளவைத் தவறாகக் கொடுத்திருந்தார்கள். அதைத் திருத்தி ஓட்டினால் இரண்டு வளைகோடுகளும் ஒன்றன்மேல் ஒன்று படிந்துவிட்டன. அந்த மாணவர் ஏமாற்றவில்லை. மதிப்பீட்டியல் பாடத்தை யாரும் அவருக்கு ஒழுங்காக நடத்தவில்லை. மூன்று ஆண்டு உழைப்பு. எனக்கு இன்றும் மனம் வலிக்கிறது.

அதனால்தான் சொல்கிறேன் தம்பி, எந்தத் துறைப் பெயரில் முனைவர் பட்டம் என்பதற்காக இரவெல்லாம் விழிக்காதீர்கள். நேரியல் இயற்கணிதம், நிகழ்தகவு, மதிப்பீட்டியல், உகப்பாக்கம் (இருக்கும் வழிகளில் சிறந்ததைக் கண்டறியும் கணிதம்) இந்த நான்கையும் கையால் கணக்குப் போட்டுப் படியுங்கள். இவை நான்கும் இரண்டு துறைக்கும் பொது. கருவிகளும் நிரல் மொழிகளும் ஐந்தாண்டுக்கு ஒருமுறை மாறும். அவற்றைத் தேவைப்படும்போது கற்றுக்கொள்ளலாம்.

நெறியாளரைத் தேடும்போது அவருடைய கட்டுரை எண்ணிக்கையைப் பார்க்காதீர்கள். அவரிடம் முடித்த மாணவர்கள் இப்போது எங்கே இருக்கிறார்கள், எத்தனை ஆண்டில் முடித்தார்கள், அவரைப் பற்றி என்ன சொல்கிறார்கள் என்று பாருங்கள். பழைய மாணவர்களுக்கு ஒரு மின்னஞ்சல் எழுதினால் பெரும்பாலும் பதில் வரும். சிக்னல் செயலாக்கம் ஆழமாகத் தெரிந்த ஒருவர், இயந்திரக் கற்றலை அச்சமின்றித் தொடும் இன்னொருவர், இருவரையும் இணை நெறியாளர்களாக வைத்துக்கொள்ள முடிந்தால் நல்லது.

இரண்டு துறைகளின் பழக்கங்களும் வேறு வேறு என்பதையும் முன்கூட்டியே தெரிந்துகொள்ளுங்கள். தொலைத்தொடர்பில் ஐஇஇஇ ஆய்விதழில் வரும் நீண்ட கட்டுரைக்குத்தான் மதிப்பு. மதிப்பீட்டுக்கே ஓராண்டு ஆகலாம். இயந்திரக் கற்றலில் ஆண்டுக்கு ஒருமுறை கூடும் பெரிய மாநாடுகளில் வரும் கட்டுரைகளுக்குத்தான் பெயர். வேலைக்கான நேர்காணலில் ஒரு தரப்பினர் "ஆய்விதழ் எங்கே" என்பார்கள், மறுதரப்பினர் "மாநாடு எங்கே" என்பார்கள். நடுவில் நிற்பவருக்கு இது உண்மையான கஷ்டம்தான், மறைக்க விரும்பவில்லை. முதல் மூன்றாண்டு ஒரு பக்கத்தில் வேரூன்றிக்கொண்டு, பிறகு மறுபக்கம் கிளை விடுவது பாதுகாப்பானது என்பது என் கருத்து. வேரைத் தொலைத்தொடர்பில் விடுவதையே நான் விரும்புவேன். ஏனென்றால் அங்கே உண்மையான ஒரு பொருள் இருக்கிறது: ஆன்டெனா, அலை, இரைச்சல், அரை மில்லிநொடிக் கெடு. அந்தக் கெடுவுக்குள் வேலை செய்து பழகியவரை எந்தக் கற்றல் வழிமுறையும் எளிதில் ஏமாற்றிவிட முடியாது.

பணமும் காலமும் பற்றிச் சுருக்கமாக. இளநிலை ஆய்வு உதவித்தொகை 2023 முதல் மாதம் 37,000 ரூபாய். ஐந்து ஆண்டு ஆகும் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஐஐடிகளில் உதவிப் பேராசிரியராக முதல் நிலையில் நுழைய முனைவர் பட்டத்துக்குப் பின் மூன்றாண்டு அனுபவமும் கேட்பார்கள். ஆக, முப்பது வயதைத் தாண்டித்தான் நிலையான வேலை. வீட்டில் இதை இப்போதே உட்கார்ந்து பேசிவிடுங்கள். பிறகு பேசுவது கடினம்.

இன்று மாலையே தொடங்கக்கூடிய ஒரு வேலை தருகிறேன். நான் மேலே போட்ட இரண்டு ஆன்டெனாக் கணக்கைக் கணினியில் எழுதுங்கள். நான்கு எண்களையும் ஒவ்வொரு முறையும் தற்செயலாக எடுத்துக்கொள்ளுங்கள். இரைச்சலைச் சேருங்கள். முதலில் சமன்பாட்டைத் தீர்த்து எத்தனை முறை தவறாகப் படிக்கிறீர்கள் என்று எண்ணுங்கள். அடுத்து இரைச்சலின் அளவையும் கணக்கில் எடுத்துக்கொள்ளும் மதிப்பீட்டு முறையைப் போடுங்கள். தவறு குறையும். மூன்றாவதாக இரண்டடுக்கு நரம்பு வலை ஒன்றைப் பயிற்றி அதே வேலையைக் கொடுங்கள். பிறகு அந்த நான்கு எண்களையும் வெட்டவெளியில் வருவதுபோல ஒன்றுக்கொன்று நெருக்கமாக மாற்றி, வலையை மறுபடி பயிற்றாமல் ஓட்டிப் பாருங்கள். மூன்று வளைகோடுகளையும் ஒரே தாளில் வரைந்து, எது எங்கே ஏன் உடைகிறது என்று ஒரு பக்கம் எழுதுங்கள். எந்த நெறியாளரைப் பார்க்கப் போனாலும் அந்தத் தாளைக் கையோடு எடுத்துப் போங்கள்.